பட்டியலா, வேர்ச்சொல்லா, அட்டையா, வாசிப்பா?

கடினமான ஆங்கிலச் சொற்களைக் கற்க இந்த நான்கு வழிகளில் எது நல்லது? ஜிஆர்ஈ போன்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தேதி குறித்துவிட்டவருக்குச் சொற்பட்டியலை விட்டால் வேறு வழியில்லை. குறுகிய காலத்தில் நிறையச் சொற்கள் பரிச்சயமாகிவிடும். எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். 'மிட்டிகேட்' என்றால் குறைப்பது என்று மட்டும் மனப்பாடம் செய்தவர், நிறுவனம் சம்பளத்தை மிட்டிகேட் செய்தது என்று எழுதிவிடுவார். ஆபத்து, பாதிப்பு, தண்டனை போன்றவற்றின் கடுமையைத் தணிக்கும் இடத்தில்தான் அந்தச் சொல் பொருந்தும். பட்டியலில் அந்த விவரம் இருக்காது. பட்டியலேதான் வேண்டும் என்றால், மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலைப் பாருங்கள். மொத்தம் 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்); எந்தத் துறை நூலைத் திறந்தாலும் எதிர்ப்படுபவை. பகட்டு குறைவு, பயன் அதிகம்.

வேர்ச்சொல் வழி சுவையானது. 'ஸ்பெக்ட்' என்ற லத்தீன் வேர் பார்த்தலைக் குறிக்கும் என்று தெரிந்தால், இன்ஸ்பெக்ட் (உற்றுப் பார்ப்பது), ரெட்ரோஸ்பெக்ட் (பின்னோக்கிப் பார்ப்பது), சர்கம்ஸ்பெக்ட் (சுற்றுமுற்றும் பார்த்து எச்சரிக்கையாக நடப்பது) மூன்றும் ஒரே மூச்சில் பிடிபடும். ஆனால் வேரை மட்டும் நம்பினால் காலை வாரிவிடும். 'எக்ரீஜியஸ்' என்பதன் வேர்ப்பொருள், மந்தையிலிருந்து தனித்து நிற்பது. ஒரு காலத்தில் பாராட்டாக இருந்த சொல், இன்று படுமோசமான தவறுகளைத்தான் சுட்டுகிறது. பாராட்டுக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்!

நினைவில் நிறுத்துவதில், ஒருபுறம் சொல்லும் மறுபுறம் பொருளும் எழுதிய அட்டைகளை மிஞ்ச எதுவும் இல்லை. ஜெர்மன் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் விளக்கிய, அட்டைகளைப் பெட்டிகளில் பிரித்து வைக்கும் பெட்டிமுறையானாலும், 2006-இல் வந்த ஆங்கி என்ற அட்டைச் செயலியானாலும் சூத்திரம் ஒன்றுதான்: தெரிந்த சொல் நாள்கழித்து வரும், தவறிய சொல் உடனே திரும்பும். சில நாள் தொடாமல் விட்டால் பாக்கி குவிந்து மலைக்க வைக்கும். இன்னொருவர் தயாரித்த அட்டைக்கட்டை இறக்கிக்கொள்வதும் வீண். அது பட்டியலின் மறுபிறவி.

வாசிப்பு மெதுவானது. நாவல்களையும் செய்தித்தாள்களையும் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று 2006-இல் கணித்தார் சொற்கற்றல் ஆய்வாளர் பால் நேஷன். அரிய சொல் மறுபடி கண்ணில் பட மாதங்கள் ஆகலாம். சூழலை வைத்து ஊகிப்பதும் பலமுறை பிசகும். இருந்தாலும் ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதை வாசிப்பு காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டாது. என் ஓட்டு இதற்குத்தான், அட்டையைத் துணைக்கு வைத்துக்கொண்டு. முதல்முறை கண்ட சொல்லைக் கோடிட்டுவிட்டுக் கடந்துபோங்கள். இரண்டாம் முறை வந்தால், வந்த வாக்கியத்தை முழுதாக அட்டையில் எழுதி, அந்தச் சொல் இருக்கும் இடத்தை மட்டும் வெற்றிடமாக விடுங்கள்.