கோல் கம்பத்தைப் பிடித்து நின்றால் போதுமா?

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பள்ளி மைதானத்தில் கால்பந்து ஆட வருகிற எங்களில் பெரும்பாலோர் நாற்பதைக் கடந்தவர்கள். வந்ததும் கோல் கம்பத்தில் கையை ஊன்றி ஒரு காலைப் பின்னால் மடித்துப் பிடிப்போம். குனிந்து கால் விரலைத் தொடுவோம், அல்லது தொட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்வோம். உடனே ஆட்டம். போன ஆண்டு ஐந்தாம் நிமிடத்திலேயே தொடையின் பின்பக்கம் யாரோ சாட்டையால் அடித்தது போலிருந்தது. ஆறு வாரம் வெளியே உட்கார்ந்தேன். அந்த ஓய்வில்தான், காயத்தைத் தடுக்க ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் செய்யும் பயிற்சிகளில் எந்த முறைக்கு எவ்வளவு பலன் என்று படிக்கத் தொடங்கினேன்.

நின்றபடி தசையை இழுத்துப் பிடிப்பதற்குத்தான் முதல் அடி. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை வைத்து நடந்த ஆய்வு 2000இல் வெளியானது. வார்ம்-அப்பை எல்லோரும் செய்தார்கள். பாதிப் பேர் மட்டும் கூடவே கால் தசைகளை இழுத்துப் பிடித்தார்கள். காயங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்து வைத்தால் அடுத்து வரும் ஓட்டத்திலும் தாவலிலும் வேகம் சற்றுக் குறையவும் கூடும். உடல் நன்றாக வளைய வேண்டிய பரதத்துக்கும் ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் அது தேவைதான்; அதைத் தனியாக வேறு நேரத்தில் செய்யலாம்.

காலை வீசுவது, முழங்காலை உயர்த்தி ஓடுவது போன்ற அசைவுப் பயிற்சிகள் உடலைச் சூடாக்கி ஆட்டத்துக்குத் தயார்ப்படுத்துகின்றன. ஆனால் காயத்தைத் தடுப்பதில் என் ஓட்டு 'ஃபிஃபா 11+' என்ற கால்பந்து வார்ம்-அப் முறைக்கே. மெதுவோட்டம் எட்டு நிமிடம், வலுவும் சமநிலையும் பத்து, வேக ஓட்டம் இரண்டு என மொத்தம் இருபது நிமிடம். நார்வேயில் 13 முதல் 17 வயதுச் சிறுமிகளிடம் சோதித்த ஆய்வு 2008இல் வந்தது. காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. போட்டி நாளில் நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓட்டங்களை மட்டும் செய்யச் சொல்கிறார்கள்.

அந்த நடுப்பகுதியில் இருக்கிறது 'நார்டிக்' பயிற்சி. மண்டியிட்டு நிமிர்ந்திருக்க வேண்டும். நண்பர் கணுக்கால் இரண்டையும் தரையோடு அழுத்திப் பிடிப்பார். இடுப்பு மடியாமல் உடலை முன்னால் மெல்லச் சாய்க்க, தொடையின் பின்தசை நடுங்கிக்கொண்டே நம்மைத் தாங்கும். தாங்க முடியாத கட்டத்தில் கைகளை ஊன்றிக்கொள்ளலாம். முதல் நாள் மூன்று முறைக்கு மேல் வேண்டாம். மறுநாள் படி இறங்கும்போது காரணம் புரியும். இதைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் பின்தசைக் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது.

ஆட்டம் முடிந்தபின் மெதுவாக நடப்பதும் தசையை நீட்டுவதும் சுகமானவை, அவ்வளவே. மறுநாள் வலியை அவை பெரிதாகக் குறைப்பதில்லை.

இப்போது செவ்வாயும் வியாழனும் மொட்டை மாடியில் நார்டிக். கணுக்காலைப் பிடிப்பவர் என் மனைவி. எண்ணிக்கையில் அவர் கறார்.