கயாக்கில் கடல் மீன்பிடிக்க எந்த ரீல் நீடித்து உழைக்கும்?

கயாக் என்னும் சிறு துடுப்போடத்தில் அமர்ந்து கடலில் தூண்டில் போடுகிறவரும் பெரிய படகின் தளத்தில் நின்று போடுகிறவரும் ஒரே பாரையைத்தான் தேடிப் போகிறார்கள் என்றாலும், தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவியான ரீலுக்கு இருவரிடமும் கிடைக்கும் வாழ்வு ஒன்றல்ல. படகில் ரீல் இடுப்புயரத்தில் உலர்ந்திருக்கிறது. கயாக்கிலோ அது நீர்மட்டத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் நாள் முழுவதும் இருக்கிறது; துடுப்பிலிருந்து வடியும் நீர் அதன் மேல் சொட்டிக்கொண்டே இருக்கிறது; கரையோர அலைகளைத் தாண்டும்போதும், திரும்பி வந்து இறங்கும்போதும் அது முழுவதுமாக மூழ்கி எழுவது அபூர்வமான விபத்து அன்று, வழக்கமான நிகழ்ச்சி. ஆகவே ஒரு ரீலை மதிப்பிடும்போது, அதில் எத்தனை பேரிங் இருக்கின்றன, மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக நழுவவிடும் டிராக் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்பதற்கு முன்பாக, தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகும் என்பதையும், போய்விட்டால் நானே திறந்து அதை வெளியேற்ற முடியுமா என்பதையும்தான் நான் பார்க்கிறேன்.

இந்த வரிசையை எனக்குக் கற்றுக்கொடுத்தது நான் முதலில் வாங்கிய ரீல். பெட்டியின் மேல் கடலுக்கு ஏற்றது என்று அச்சிட்டிருந்தார்கள். கரைக்கு வரும் வழியில் கயாக் கவிழ்ந்து அது சில நிமிடங்கள் நீருக்குள் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்துவிட்டேன். மூன்று வாரங்களுக்குப் பிறகு கைப்பிடியைச் சுற்றியபோது மணல் அரைபடுவது போன்ற சத்தம் கேட்டது. பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், தேன் நிறத்தில் இருந்த கிரீஸ் நீரோடு கலந்து வெளிறிக் குழம்பாகியிருந்தது. அலுமினிய உடலில் எஃகுத் திருகுகள் இறங்கும் துளைகளைச் சுற்றிச் சுண்ணாம்பு போல வெள்ளை பூத்திருந்தது. ஒரு திருகு வரவே மறுத்து, தலை மழுங்கி, உள்ளேயே நின்றுவிட்டது. அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு நீர் தேங்கினால், இரண்டுக்கும் இடையே மெல்லிய மின்னோட்டம் உண்டாகி அலுமினியம் கரையத் தொடங்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் சில துளிகள் உள்ளே தங்கினாலே இந்த அரிப்புக்குப் போதும்.

அதற்குப் பிறகுதான், நீர் புகாத ரீல் என்று சொல்லப்படுவதற்கு உண்மையில் என்ன பொருள் என்று தேடிப் படித்தேன். பெட்டியின் மேல் ஐபிஎக்ஸ் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும், நீரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண், ஐஇசி 60529 என்ற பன்னாட்டுத் தரநிலையிலிருந்து வருவது. ஐபிஎக்ஸ்5 என்றால், 6.3 மில்லிமீட்டர் குழாய் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பது பொருள். ஐபிஎக்ஸ்6 என்றால் முனை 12.5 மில்லிமீட்டர், நீர் நிமிடத்துக்கு 100 லிட்டர். இரண்டுமே பீய்ச்சும் நீருக்கான சோதனைகள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடப்பதைச் சோதிப்பது ஐபிஎக்ஸ்7 மட்டுமே. அதைவிடக் கடுமையான நிலையில், தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆழத்துக்கும் நேரத்துக்கும் சோதிப்பது ஐபிஎக்ஸ்8. ஆறாம் எண்ணைப் பெற்ற ரீல் ஏழாம் எண்ணின் சோதனையிலும் தேறிவிடும் என்று கொள்ள முடியாது. இந்தச் சோதனைகள் அனைத்தும் நல்ல தண்ணீரில் நடப்பவை என்பதையும், ரப்பர் வளையங்கள் நாளடைவில் தேயும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால், பெட்டியின் மேல் இருக்கும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும். கயாக்கில் போகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, கயாக் தூண்டில்காரர்களிடையே அடிக்கடி பேசப்படும் ரீல்களைப் பார்க்கலாம். பென் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறை ஸ்பின்ஃபிஷர் முழு உலோக உடல் கொண்டது. உடலும், நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலும் ஐபிஎக்ஸ்5 அளவுக்கு அடைக்கப்பட்டவை. டிராக்கில் ஹெச்டி-100 என்ற கார்பன் இழை வாஷர்கள் இருக்கின்றன. அதே நிறுவனத்தின் நான்காம் தலைமுறை ஸ்லாமர் ஐபிஎக்ஸ்6 அளவுக்கு அடைக்கப்பட்டது. கனமும் உறுதியும் ஒரு படி கூடுதல். என் கயாக்கில் இப்போது இருப்பது 4500 அளவு ஸ்பின்ஃபிஷர். அது மிக மென்மையாகச் சுற்றும் ரீல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரணத் திருப்புளியால் பக்கத் தகட்டைத் திறந்து, உள்ளே பார்த்து, புது கிரீஸ் வைத்து, அரை மணி நேரத்தில் மூடிவிட முடிகிறது. கயாக்குக்கு இந்தக் குணம் மென்மையைவிடப் பெரியது என்று கருதுகிறேன்.

வான் ஸ்டால் வேறு வகை. கொந்தளிக்கும் அலைக்குள் பாறை மேல் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்காகவே பெயர் பெற்ற இந்த ரீல்கள் மூழ்குவதை எதிர்பார்த்தே முழுவதும் அடைக்கப்பட்டவை. கரையலை கடுமையாக இருக்கும் இடத்தில் வாரத்துக்குப் பலமுறை இறங்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும், அடைப்பு இறுக்கமாக இருப்பதால் கைப்பிடி சற்றுக் கெட்டியாகவே சுற்றும். வளையங்களை மாற்றும் வேலை பழகிய கையில் நடப்பதே நல்லது. பென் நிறுவனமும் அத்தாரிட்டி என்ற வரிசையில் ஐபிஎக்ஸ்8 ரீல்களைக் கொண்டுவந்திருக்கிறது. விலை ஏற்கத் தக்கதாக இருந்தால் அதையும் பார்க்கலாம்.

டைவா நிறுவனத்தின் மேக்சீல் அமைப்பு வியப்புக்குரிய யோசனை. ரப்பர் வளையத்துக்குப் பதிலாக, காந்தத்தால் பிடித்து நிறுத்தப்பட்ட காந்தத் திரவம் இடைவெளியை அடைக்கிறது. உராய்வு மிகக் குறைவு. ஆனால் அந்த இடத்தில் நாம் எண்ணெய் விட்டால் திரவம் கலைந்து அடைப்பே போய்விடும் என்பதால், வீட்டில் தானே பராமரிக்கும் பழக்கமுள்ளவர் அங்கே கைவைக்கக் கூடாது. டைவாவின் பிஜி வரிசை முழுவதும் அடைக்கப்பட்டது அன்று. ஆனாலும் உறுதியான பல்சக்கரங்களோடு, திறந்து பராமரிக்க எளிதாக இருப்பதால், ஒவ்வொரு முறையும் ஒழுங்காகக் கவனிக்கத் தயாராக இருப்பவரிடம் அது நெடுங்காலம் உழைக்கும். ஷிமானோ நிறுவனத்தின் ஸ்டெல்லா எஸ்டபிள்யூ மிக உயர்ந்த வேலைப்பாடு கொண்டது. அவ்வளவு விலையுள்ள பொருளைக் கவிழக்கூடிய ஓடத்தில் எடுத்துப் போக எனக்கு மனம் வருவதில்லை.

எந்த ரீலை எடுத்தாலும் முதலில் பழுதாகும் இடம் ஒன்று உண்டு: நரம்பை ஸ்பூலுக்கு வழிநடத்தும் பெயில் கம்பியின் முனையில் நரம்பைத் தாங்கிச் சுழலும் சிறிய லைன் ரோலர். கடலில் நனைந்து வரும் நரம்பு ஒவ்வொரு சுற்றிலும் உப்பு நீரை அதன் மேலேயே பிழிந்துவிட்டுப் போகிறது. உள்ளே இருக்கும் நுண்ணிய பேரிங் துருப்பிடித்து நின்றுவிட்டால், பின்னல் நரம்பு சுழலாத உலோகத்தின் மேல் இழுபட்டு அறுபடத் தொடங்கும். மீன் ஓடும்போது நரம்பு காரணமில்லாமல் அறுந்தது என்று வருந்துகிறவர்கள், விரல் நுனியால் அந்த ரோலரைத் தள்ளிப் பார்க்க வேண்டும். அடுத்து கவனிக்க வேண்டியது, கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் ரோலர் கிளட்ச். இதில் கெட்டி கிரீஸ் பட்டாலோ உப்பு படிந்தாலோ உருளைகள் நழுவி, மீன் இழுக்கும் நேரத்தில் கைப்பிடி திடீரென்று பின்னால் சுழன்று விரல்களை அடிக்கும். அங்கே மெல்லிய எண்ணெய் ஒரு துளிக்கு மேல் வேண்டாம்.

டிராக்கின் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதை வைத்தே ரீலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நரம்பு அறுபடும் எடையில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை டிராக் வைப்பது வழக்கம். 30 பவுண்டு நரம்பு ஏறத்தாழ 13.6 கிலோவில் அறும். அப்படியானால் டிராக் மூன்றரையிலிருந்து நான்கரை கிலோவுக்குள் நிற்கிறது. மேலும், பெரிய மீன் இழுத்தால் கயாக்கே அதன் பின்னால் போகிறது. ஓடத்தின் எடையும் நீரின் எதிர்ப்பும் சேர்ந்து மீனைக் களைக்க வைக்கின்றன. பக்கவாட்டில் 15 கிலோ இழுவையைத் தாங்கும்படி டிராக்கை இறுக்கி வைத்தால் கவிழப்போவது நாம்தான். எனவே அதிகபட்ச எண்ணை விட்டுவிட்டு, குறைந்த அழுத்தத்தில் டிராக் தடைபடாமல், ஒரே சீராக நழுவுகிறதா என்று கையால் இழுத்துப் பார்ப்பதே உண்மையான சோதனை. நனைந்த பிறகும் அந்தச் சீர்மை மாறக் கூடாது என்பதால், டிராக் வாஷர்கள் இருக்கும் ஸ்பூல் அடைக்கப்பட்டிருப்பதை அவசியமாகக் கருதுகிறேன்.

கழுவும் முறையில் செய்யும் தவறு நல்ல ரீலையும் கெடுத்துவிடும். கரைக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி மூடிக்கொண்டு, குழாயைச் சிறிதளவு திறந்து, மெல்லிய நீரில் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் வெளியே படிந்த உப்பு அடைப்புகளைத் தாண்டி உள்ளே தள்ளப்படும். வாளி நீரில் ஊறவைப்பதும் கூடாது. துடைத்த பிறகு ஸ்பூலைக் கழற்றித் தனியே நிழலில் உலரவிட்டு, டிராக்கைத் தளர்த்தி வைத்தால் வாஷர்கள் நசுங்கிக் கிடக்காது. ரீல் முழுவதுமாக மூழ்கியிருந்தால், அது எத்தனையாம் எண்ணைப் பெற்றதாக இருந்தாலும், அன்றிரவே பக்கத் தகட்டைத் திறந்து பார்த்துவிடுகிறேன். அடைக்கப்பட்ட உடலுக்குள் ஒருமுறை நீர் போய்விட்டால் அதே அடைப்பு அதை வெளியே விடாது.

வாங்கப் போகும்போது கையுறையை எடுத்துப் போய், அதை நனைத்து அணிந்துகொண்டு கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். சிறிய குமிழ் உலர்ந்த கையில் நன்றாகத் தோன்றும், ஈரக்கையில் வழுக்கும். லைன் ரோலர் பேரிங்கும் அடைப்பு வளையங்களும் தனியே கிடைக்குமா என்று கேளுங்கள். அவை கிடைக்காத ரீல் எவ்வளவு அழகாகச் சுற்றினாலும் நான் அதை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுவேன்.