நாய்க்குப் பருத்திக் கயிறு, பித்தளைக் கொக்கி

எங்கள் நாய் ராணி, சிப்பிப்பாறை இனம். மயிலைக் கண்டால் அவளை நிறுத்த முடியாது. உச்சிப்புளிப் பக்கம் சவுக்குத் தோப்புகளில் மயிலுக்குப் பஞ்சமும் இல்லை. அதனால்தான் ராமநாதபுரம் கடைத்தெருவில் இந்த 15 அடிக் கயிற்றை வாங்கினேன். நைலான் போல இது உள்ளங்கையை அறுப்பதில்லை. கொக்கி பித்தளை என்பதுதான் பெரிய நிம்மதி. நம்ம ஊர் உப்புக்காற்றில் இரும்புக் கொக்கி சீக்கிரமே துருப்பிடித்து இறுகிவிடும்.

சவுக்கு ஊசி மெத்தென்று உதிர்ந்து கிடக்கும் இடத்தில் கயிற்றை நீளமாக விட்டால் அவள் மோப்பம் பிடித்துக்கொண்டே போகும் அழகைப் பார்க்க வேண்டும்! அந்த அரைமணி நேரம் எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சீமைக்கருவேலங் காட்டில் மட்டும் இது சரிவராது. முள்ளில் சிக்குகிறது, ஒட்டுப்புல் விதை அப்பிக்கொள்கிறது. அங்கே சுருட்டை விரியன் பயமும் உண்டு, கயிற்றைக் கையில் சுற்றிப் பக்கத்திலேயே நடத்துங்கள். இருட்டிய பிறகு போகவே போகாதீர்கள்.

கூடவே வந்த கழுத்துப்பட்டை வேண்டாம். சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம், உருவிக்கொண்டு ஓடிவிடும். அகலப்பட்டை தனியாக வாங்குங்கள். வீடு திரும்பியதும் காதுமடல், விரலிடுக்கு எல்லாம் உண்ணி பாருங்கள். கயிற்றையும் வெயிலில் காயப்போடுங்கள், ஈரத்தோடு சுருட்டினால் பூசணம் பிடிக்கும்.