டோஜ் ‘ரசீதுச் சுவர்’: நம்பி எடுக்கலாமா?

அமெரிக்க அரசின் செலவைக் குறைக்க 2025 ஜனவரி 20 அன்று அதிபர் ஆணையால் உருவான டோஜ் (அரசுச் செயல்திறன் துறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), அடுத்த மாதமே தன் இணையதளத்தில் ‘ரசீதுச் சுவர்’ என்ற பக்கத்தைத் திறந்தது. ரத்தான ஒப்பந்தங்கள், மானியங்கள், அலுவலகக் கட்டட வாடகைகள் எனப் பட்டியல்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘மிச்சம்’ என்று ஒரு தொகை. பக்கம் எளிமையாக இருக்கிறது, மொத்தத் தரவையும் நிரல் வழியாக இறக்கிக்கொள்ள ஏபிஐ என்ற இணைப்பு வசதியும் உண்டு. எந்தத் துறை எதை ரத்து செய்தது என்பதை இப்படி ஒரே இடத்தில் எளிதாகப் பார்க்க முடிகிறது. பயன்படுத்தும் வசதிக்கு ஐந்துக்கு நான்கு தரலாம். கணக்குக்கு ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை. அந்த ‘மிச்சம்’ தொகையை அப்படியே எடுத்து யாரிடமும் வாதாடப் போகாதீர்கள்.

சிக்கல் எங்கே என்றால், ஓர் அரசு ஒப்பந்தத்துக்கு ஒரே தொகை கிடையாது. யுஎஸ்ஏஸ்பெண்டிங் என்ற அரசுத் தளத்தில் எந்த ஒப்பந்தத்தைத் திறந்தாலும் நான்கு எண்கள் நிற்கும். கொடுத்து முடித்த பணம் ஒன்று. கொடுப்பதாகச் சட்டப்படி உறுதிசெய்து ஒதுக்கிய பணம் இரண்டாவது. இப்போதைய ஒப்பந்த மதிப்பு மூன்றாவது. எல்லா நீட்டிப்பு ஆண்டுகளையும் பயன்படுத்தினால் எட்டக்கூடிய உச்சவரம்பு நான்காவது. முதல் ஆண்டு உறுதி, அடுத்த நான்கு ஆண்டுகள் அரசின் விருப்பம் என்று போடும் ஒப்பந்தங்கள் ஏராளம். அந்த நான்கு ஆண்டுகளுக்குப் பணம் ஒதுக்கப்பட்டே இருக்காது, ஆனால் உச்சவரம்பில் சேர்ந்திருக்கும். டோஜ் பல வரிகளில் ‘மிச்சம்’ என்று காட்டியது இந்த உச்சவரம்பிலிருந்து ஒதுக்கிய பணத்தைக் கழித்து வந்த தொகை. மாதம் ஐம்பதாயிரம் வரை கடன் தரத் தயாராக இருந்த மளிகைக் கடையில் கணக்கை முடித்துவிட்டு, ஐம்பதாயிரம் மிச்சம் பிடித்தேன் என்று வீட்டில் சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

மறுகோடியில் இன்னொரு வகை: பணம் முழுவதும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டு, பல நேரம் செலவாகியும் முடிந்த ஒப்பந்தங்கள். முதலில் வெளியான சுமார் 1,100 ஒப்பந்தங்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் எந்த மிச்சமும் வராது என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் கணக்குப் போட்டுக் காட்டியது. இதைக் கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. அந்த வரிகளில் டோஜ் பக்கமே பூஜ்ஜியம் என்றுதான் போட்டிருந்தது.

நீங்களே ஒரு வரியைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். பட்டியலில் உள்ள ஒப்பந்த எண்ணை நகலெடுங்கள். பிஐஐடி எனப்படும் இந்த எண்ணிலேயே நிறையத் தகவல் ஒளிந்திருக்கிறது: முதல் ஆறு எழுத்துகள் ஒப்பந்தம் போட்ட அலுவலகம், அடுத்த இரண்டு இலக்கங்கள் நிதியாண்டு, ஒன்பதாவது இடத்தில் ஒப்பந்தத்தின் வகை. அந்த இடத்தில் ‘சி’ இருந்தால் தனி ஒப்பந்தம், ‘எஃப்’ என்றால் பெரிய ஒப்பந்தத்தின் கீழ் வந்த ஆர்டர். ‘ஏ’ அல்லது ‘டி’ இருந்தால் உஷாராகுங்கள். ‘ஏ’ என்பது விலையையும் நிபந்தனையையும் மட்டும் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளும் கொள்முதல் உடன்பாடு; ‘டி’ அளவு குறிப்பிடாத பெரிய ஒப்பந்தம். இரண்டிலும் உண்மையான செலவு அவற்றின் கீழ் வரும் ஆர்டர்களில்தான் நடக்கும். ஆகவே தாய் ஒப்பந்தத்தின் உச்சவரம்பைச் சேமிப்பாகக் காட்டியிருந்தால் அந்த வரியை ஒதுக்கிவிடலாம்.

எண்ணை யுஎஸ்ஏஸ்பெண்டிங் தேடல் பெட்டியில் போட்டு, பரிவர்த்தனை வரலாற்றைத் திறங்கள். ‘அரசின் வசதிக்காக முடித்தல்’ (ஆங்கிலத்தில் ‘டெர்மினேட் ஃபார் கன்வீனியன்ஸ்’) என்ற பதிவு இருக்கிறதா, அதற்கு நேரே கழித்தல் குறியோடு தொகை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கழித்தல் தொகைதான் ஒதுக்கியதிலிருந்து திரும்ப வந்த பணம். முடித்த பதிவு இருந்து தொகை பூஜ்ஜியமாக இருந்தால் இன்னும் எதுவும் திரும்பவில்லை. அதுவும் இறுதிக் கணக்கு என்று எண்ணிவிட முடியாது. அரசு தன் வசதிக்காக ஒப்பந்தத்தை நிறுத்தினால், செய்த வேலைக்கும் நிறுத்துவதால் வரும் செலவுக்கும் நிறுவனம் பணம் கேட்கலாம். கோரிக்கையைத் தர ஓராண்டு அவகாசம் உண்டு. ரத்தான மறுநாளே மிச்சத்தை டாலர் சுத்தமாகச் சொல்லிவிடும் எந்தப் பக்கத்தையும் சந்தேகப்பட இந்த ஒரு விதி போதும்.

தொடக்கத்தில் நடந்த பிழைகள் சின்னப் பிழைகள் அல்ல. 55 பில்லியன் டாலர் மிச்சம் என்று அறிவித்தபோது வரி வரியாகக் காட்டியது சுமார் 16 பில்லியன். அதில் பாதி ஒரே ஒரு வரி: குடியேற்ற அமலாக்கத் துறையின் 8 பில்லியன் டாலர் ஒப்பந்தம். அதன் உண்மையான மதிப்பு 8 மில்லியன். பழைய தரவுப் பதிவில் இருந்த பிழை ஜனவரியிலேயே திருத்தப்பட்டும் இங்கே அப்படியே ஏறியது. அதிலும் 2.5 மில்லியன் செலவாகியிருந்தது. வெளிநாட்டு உதவிகளைக் கவனித்த யுஎஸ்எய்ட் அமைப்பின் 655 மில்லியன் டாலர் உச்சவரம்பு ஒன்று மூன்று முறை எண்ணப்பட்டது. சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் 232 மில்லியன் டாலர் ஒப்பந்தம் முழுதும் ரத்து என்று காட்டினார்கள். ரத்தானது அதன் ஒரு சிறு பணி, சுமார் 5.6 லட்சம் டாலர். பத்திரிகைகள் சுட்டிய பிறகு பல வரிகள் திருத்தப்பட்டன, நீக்கப்பட்டன. எது, ஏன் மாறியது என்ற குறிப்பு மட்டும் இல்லை. கணக்குப் பதிவேட்டில் அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எந்தத் தணிக்கையாளரும் முதல் நாளே சொல்லித்தரும் பாடம்.

2025 மார்ச்சில் நிலைமை இன்னும் மோசமானது. ஆயிரக்கணக்கான மானியங்களை அடையாள எண் இல்லாமலே ஏற்றினார்கள். பக்கத்தின் மூல நிரலில் அந்த எண்கள் ஒளிந்திருந்ததை நியூயார்க் டைம்ஸ் கண்டுபிடித்ததும் அதையும் எடுத்துவிட்டார்கள். எண் இல்லாத வரியைச் சரிபார்க்க வழியில்லை. மொத்தத் தொகை பின்னர் 200 பில்லியனைத் தாண்டியது என்றார்கள். அதை நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. வாடகைப் பட்டியலில் சதுர அடியும் ஆண்டு வாடகையும் இருப்பது நல்லது, ஆனால் பல ரத்துகள் பிறகு திரும்பப் பெறப்பட்டன.

யுஎஸ்ஏஸ்பெண்டிங்கும் குறையில்லாதது அல்ல. 2006 சட்டத்தால் வந்த இந்தத் தளத்தில் ஒப்பந்த விவரக் குறிப்பு பல நேரம் ஒரு வரிதான், அதுவும் சுருக்கெழுத்துகளோடு. பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தங்கள் 90 நாள் தாமதமாகவே வரும். நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குவதை மறந்தால் ஆண்டு ஒப்பீடு முழுக்கத் தப்பாகும்.

டோஜ் பக்கத்தில் தேடியும் கிடைக்காத ஒன்று, அதன் ஆட்கள் எந்த அரசுக் கணினி அமைப்பில் எந்த அளவு அனுமதியோடு நுழைந்தார்கள் என்ற பட்டியல். செலவு விவரத்தைவிட இதுதான் முக்கியம். நிதித்துறையின் பட்டுவாடா அமைப்பு வழியாக ஆண்டுக்கு 5 டிரில்லியன் டாலருக்கும் மேல் போகிறது. அங்கே ஓர் ஊழியருக்குப் படிக்க மட்டும் அனுமதி என்று சொல்லியிருந்த நிலையில், ஒரு தரவுத்தளத்தில் தவறுதலாக எழுதவும் அனுமதி சில காலம் இருந்தது என்று நிதித்துறையே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது; அவர் அதைப் பயன்படுத்தவில்லை என்றும் சொன்னது. இப்படிப்பட்ட தவறுகளை விசாரிக்க வேண்டிய தலைமைத் தணிக்கை அதிகாரிகளில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் அதற்குச் சில நாள் முன்னர், ஜனவரி 24 அன்று, பதவி நீக்கப்பட்டிருந்தார்கள்.

அனுமதி விவரம் வேண்டுமானால் நீதிமன்ற ஆவணங்களைத்தான் திறக்க வேண்டும். நிதித்துறை அமைப்புக்கு, நியூயார்க் தென் மாவட்ட நீதிமன்றத்தில் 19 மாநிலங்கள் தொடுத்த வழக்கு. சமூகப் பாதுகாப்புத் தரவுக்கு, மேரிலாந்து நீதிமன்றத்தில் தொழிற்சங்கங்கள் தொடுத்த வழக்கு. இரண்டாவதில் கீழ் நீதிமன்றம் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் 6 அன்று நிறுத்திவைத்து, தரவைப் பார்க்க அனுமதித்தது. நீதிமன்ற ஆவணங்களைத் திரட்டித் தரும் கோர்ட்லிஸனர் தளத்தில் பல ஆவணங்கள் இலவசம். தீர்ப்புகளை விட்டுவிட்டு, அதிகாரிகள் சத்தியம் செய்து தந்த வாக்குமூலங்களை முதலில் படியுங்கள்: யாருக்கு, எந்த நாளில், படிக்கவா எழுதவா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.