எழுதி வைப்பதா, ஆளைத் தேடுவதா? அறிவு மேலாண்மையின் இரு வழிகள்

ஒரு நிறுவனத்தில் இருப்பவர்களின் அறிவைக் காத்து, பிறருக்கும் பயன்படச் செய்வதே அறிவு மேலாண்மை. அது தனித் துறையாகத் தலையெடுத்தது 1990-களில்தான். அதன் வித்து இன்னும் பழையது. நாம் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறோம் என்று தத்துவவாதி மைக்கேல் பொலானி 1966-ல் எழுதினார். துறைக்குள் இன்றும் ஓயாத வழக்கு அங்கிருந்தே தொடங்குகிறது. அந்தச் சொல்லாத அறிவை முடிந்தவரை எழுத்தாக்கிச் சேமிப்போம் என்கிறது ஒரு தரப்பு. அறிந்தவரையும் அறிய வேண்டியவரையும் பக்கத்தில் உட்கார வைப்போம் என்கிறது மற்றொன்று. 1999-ல் ஹான்சன், நோரியா, டியர்னி மூவரும் இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் கட்டுரை எழுதினார்கள். தமிழில் முறையே தொகுப்பு வழி, ஆள் வழி எனலாம்.

இரு தரப்பும் எடுத்துக்காட்டும் கதை ஒன்று உண்டு, ஜப்பானிய மேலாண்மை அறிஞர் நொனாகா 1991-ல் எழுதியது. ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் செய்த ரொட்டி இயந்திரத்தில் மாவு சரியாகப் பிசையப்படவில்லை. ரொட்டியின் மேல்புறம் கருகியது, உள்ளே வேகவில்லை. மாவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. பொறியாளர் ஒருவர் ஒசாகாவின் ஹோட்டல் ஒன்றில் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். அந்தக் கலைஞரின் கை மாவை இழுக்கும்போதே முறுக்குவதைக் கண்டார். பிறகு இயந்திரத்தின் உட்புறத்தில் விலா எலும்பு போன்ற மேடுகள் சேர்த்துச் சிக்கலைத் தீர்த்தார்கள்.

அறிவு உருவாவதைப் பழகிக் கற்றல், சொல்லாக்கல், இணைத்தல், உள்வாங்கல் என நொனாகா பிரித்த நான்கு படிகளுக்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் உற்றுப் பார்த்தால், இயந்திரத்துக்குள் போனது ஒரே ஓர் அசைவு. மாவின் ஈரத்தைத் தொட்டு உணரும் விரல் ஹோட்டலிலேயே இருந்துவிட்டது. அறிவு முழுவதையும் எழுத்தாக்கிவிடலாம் என்பதற்கு இக்கதையை ஆதாரமாக்குவது தவறு.

ஆள் வழிக்கு வலுவான ஆதாரம் மானுடவியலாளர் ஜூலியன் ஓர் (Orr) செய்த கள ஆய்வு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்கள் கையேட்டின் படிகளை மட்டும் நம்பி வேலை செய்யவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் சொன்ன இயந்திரக் கதைகளிலிருந்துதான் குழப்பமான பழுதுகளின் காரணத்தைப் பிடித்தார்கள். ஆய்வாளர்கள் பிரவுனும் டுகுயிடும் 1991-ல் இதைக் கோட்பாடாக்கினார்கள்.

எதைத் தேர்வது? ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்து, விடையும் மாறாமல் இருந்தால் தொகுப்பு வழி. ஒவ்வொரு முறையும் சூழ்நிலை புதிதென்றால் ஆள் வழி. இரண்டையும் சரிபாதியாகச் செய்ய முயல்வது ஆபத்து என்பது ஹான்சன், நோரியா, டியர்னி மூவரின் முடிவு. ஒன்றை 80, மற்றதை 20 என வைக்கச் சொன்னார்கள். இதில் எனக்கும் உடன்பாடே. ஊக்கத்தொகையைப் பாருங்கள்: தொகுப்பு வழியில் எழுதியவருக்கு, ஆள் வழியில் நேரில் உதவியவருக்கு. இதைக் குழப்பினால் இரண்டும் படுத்துவிடும்.

தொகுப்பு வழி பெரும்பாலும் கெடுவது, எழுதியவர் யார், கடைசியாக எப்போது சரிபார்த்தது, எங்கே பொருந்தாது என்ற மூன்றும் இல்லாததால். தேடுபவர் இரண்டு முறை ஏமாந்ததும் கைவிட்டுவிடுவார். 2002-ல் தகவல் துறை ஆய்வாளர் டி. டி. வில்சன், இத்துறையே தகவல் மேலாண்மைக்கு இட்ட மறுபெயர் என்று சாடினார். அந்த அடி விழுவது பெரிதும் தொகுப்பு வழியின் மேல்தான். ஆள் வழி கெடும் விதம் வேறு: எல்லாக் கேள்வியும் நாலைந்து பேரிடமே குவியும், அவர்களில் ஒருவர் விலகினால் பாதை அறுந்துபோகும்.

ஆட்களைச் சேர்த்து வைத்தாலே அறிவு கைமாறிவிடாது என்பதையும் மறக்கக் கூடாது. ஆய்வாளர் சுலான்ஸ்கி 1996-ல் எட்டு நிறுவனங்களுக்குள் நல்ல செயல்முறைகள் கைமாறிய 122 பரிமாற்றங்களை ஆராய்ந்தார். அவர் கண்டபடி, பகிரவோ ஏற்கவோ மனமின்மையைவிடப் பெரிய தடைகள் மூன்று: பெறுபவரின் கிரகிக்கும் திறன் குறைவு, வெற்றிக்கு எது காரணம் என்ற தெளிவின்மை, இருவருக்கும் இடையிலான சிரமமான உறவு.

ஜெராக்ஸ் பின்னாளில் யுரேகா என்ற குறிப்புத் தொகுப்பை உருவாக்கியபோது, பழுதுபார்ப்பவர் எழுதிய குறிப்பைச் சக பழுதுபார்ப்பவர்களே சரிபார்த்தார்கள். எழுதியவரின் பெயரும் கூடவே நின்றது. தொகுப்பு வழியில் இறங்குபவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.