போகவே மாட்டேங்குற மருவுக்கு தடுப்பூசி: எம்எம்ஆரா, பிசிஜியா, எச்பிவியா?

சாலிசிலிக் ஆசிட் மாசக்கணக்கா வச்சாச்சு, லிக்விட் நைட்ரஜன்ல உறைய வச்சும் பாத்தாச்சு, திரும்ப அதே இடத்துல முளைக்குதுன்னா ஸ்கின் டாக்டருங்க சிலர் தடுப்பூசிய கையில எடுக்குறாங்க. புஜத்துல இல்லங்க, நேரா மருவுக்குள்ளயே. மருவ உண்டாக்குற எச்பிவிங்கற வைரஸ் தோலோட மேல் அடுக்குலயே பதுங்கிக்கும், ரத்தத்துக்கு வராது, அதனால உடம்பு அத கண்டுக்கறதே இல்ல. உடம்புக்கு ஏற்கனவே பழக்கமான ஒரு கிருமியோட சரக்க அங்க இறக்குனா எதிர்ப்பு செல்லெல்லாம் ஓடி வந்து மருவையும் சேத்து அடிக்கும். ஊசி படாத மத்த மருவும் பல பேருக்கு உதிர்றது இதனாலதான், சுட்டு எடுக்குறதுல இந்த லாபம் கிடையாது.

என் ஓட்டு எம்எம்ஆருக்கு, அதாவது தட்டம்மை, மம்ப்ஸ், ரூபெல்லா மூணுக்கும் சேத்து போடுற ஊசிக்கு. இருக்குறதுல பெரிய மருவுல 0.3லேர்ந்து 0.5 மில்லி, ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா, பெரும்பாலும் அஞ்சு ஊசிக்குள்ள நிறுத்திடுவாங்க. குத்துறப்ப வலி இருக்கு, அதுவும் நகத்தோரம்னா கேக்கவே வேணாம், சிலருக்கு லேசா காய்ச்சல் வரும், பெரும்பாலும் அதோட சரி. அரசு திட்டத்துல தமிழ்நாட்டுல 2017லேர்ந்து போடுறது மம்ப்ஸ் இல்லாத எம்ஆர், அதனால எம்எம்ஆர் வெளியிலதான் வாங்கணும்.

டிபி வராம இருக்க போடுற பிசிஜியும் வேலை செய்யும், ஆனா நம்மள்ல முக்கால்வாசிப் பேரு பொறந்தப்பவே அத போட்டவங்க, உடம்பு ரொம்ப கோவமா பதில் சொல்லும், புண்ணாகி சீழ் வச்சு நெறி கட்டி தழும்பே நின்னுரலாம். முகத்துல மருன்னா வேணவே வேணாம். டிபி டெஸ்டுக்கு போடுற பிபிடி இதவிட சாது, அதுல உயிருள்ள கிருமி இல்ல. தொழுநோய்க்குன்னு டெல்லில ஜி.பி. தல்வார் குழு உருவாக்குன எம்டபிள்யூ ஊசியும் இருக்கு, அதுலயும் ஊசி போட்ட இடம் கட்டியாகி புண்ணாகுற தொல்லை உண்டு.

பேரப் பாத்துட்டு எச்பிவி தடுப்பூசிதான் கரெக்டுன்னு நிறைய பேரு கேக்குறாங்க. நம்ம நாட்டு எச்பிவி தடுப்பூசியான செர்வாவேக் குறி வைக்கிறது எச்பிவியோட 6, 11, 16, 18 வகைய, கை கால்ல வர்றது பெரும்பாலும் 1, 2, 4, 27, 57. அது வராம தடுக்குற ஊசி, வந்தத விரட்டுறதுக்கு செஞ்சதில்ல. அத போட்டப்புறம் மரு போச்சுன்னு சில கேஸ் ரிப்போர்ட் இருக்கு, அத நம்பி அவ்வளவு காசு நான் போடமாட்டேன்.

கர்ப்பமா இருக்கவங்க, எதிர்ப்பு சக்திய அடக்குற மாத்திரை சாப்பிடுறவங்க எம்எம்ஆர், பிசிஜி பக்கமே போகக்கூடாது, ரெண்டும் உயிருள்ள கிருமி. சின்னப் பசங்களுக்கு ஒண்ணு ரெண்டு மருன்னா எந்த ஊசியும் வேணாம், ரெண்டு வருஷத்துல பாதிக்கு மேல தானா போயிரும்.