காப்பிகேட்டா, ஸ்க்ரீம் 2-ஆ?

சனிக்கிழமை ராத்திரி முத்தியால்பேட்டை மாடியில் இதே சண்டைதான். ரெண்டு ஆங்கில த்ரில்லர் படத்திலும் பழைய கொலைகளைப் பார்த்துக் காப்பியடிக்கிறவன்தான் வில்லன்.

பயம்: ஸ்க்ரீம் 2 (1997) ஆரம்பமே தியேட்டருக்குள் கத்திக்குத்து. சுற்றிலும் கொலைகாரனின் அதே முகமூடி போட்ட கூட்டம். விளம்பர வேலை என்று நினைத்து ஆரவாரம் செய்கிறது. எங்கள் பக்கோடா தட்டு அப்படியே நின்றது. காப்பிகேட் (1995) மெதுவாக ஏறும்: வாசல்படி தாண்டவே நடுங்கும் நாயகி சிகோர்னி வீவர், வீட்டையே குறிவைக்கிறவன்.

சஸ்பென்ஸ்: ஸ்க்ரீமில் கடைசிவரை யாரென்று தெரியாது. காப்பிகேட்டில் சீக்கிரமே முகத்தைக் காட்டிவிடுவார்கள். தம்பிக்கு அதுதான் குறை. எனக்கு அதுதான் பிடித்தது.

முன்கதை: ஸ்க்ரீமுக்கு முதல் பாகம் பார்த்திருக்கணும். காப்பிகேட்டுக்குத் தேவையில்லை.

நீளம்: ரெண்டும் சுமார் 2 மணி நேரம்.

கூட்டமாக உட்கார்ந்து கத்த ஸ்க்ரீம் 2. தனியாகப் பார்க்க காப்பிகேட், கதவைத் தாழ்போட்டுவிட்டு.